பேர் வெட்டப்பட்ட கலைஞர்

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில், அது இரத்தினபுரியாயினும் கேகாலையாயினும், 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. பேர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு, விழாவிடின் இல்லை. 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும்வரை 'துண்டு' என்னும் சீட்டும் இலங்கைத் தோட்டங்களில் ஆட்சி செலுத்திற்று. பழைய தோட்டத்தின் துண்டு கைவசமில்லாத தொழிலாளியை வேறொரு தோட்டம் ஏற்காது. அவனை எவரும் அடைத்து வைக்கவில்லை. ஆயினும் அவனுக்குப் போக்கிடமில்லை. சிறையிடாமலே ஒரு மனிதனைச் சிறைப்படுத்தும் இவ்வித்தை கலையுலகிலும் கையாளப்பட்டதுண்டு. இந்தித் திரைப்பட நடிகர் ஏ. கே. ஹங்கலின் வாழ்வு அதற்குச் சான்று.

1914இல் சியால்கோட்டில் பிறந்த ஹங்கல், தையற்கலையால் பிழைத்தவர், பொதுவுடைமைவாதி. பிரிவினைக் காலத்தில் கராச்சியில் சிறையிலிருந்து, 1949இல் பம்பாய் வந்து சேர்ந்தார். இந்திய மக்கள் நாடக மன்றத்தின் மேடைகளில் உழைத்தார். 'தீஸ்ரி கஸம்' (1966) வாயிலாகத் திரையில் தோன்றியபோது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பின்னர் இருநூறுக்கும் மேற்பட்ட படங்களில் தந்தையாகவும், ஆசிரியராகவும், ஊர்ப் பெரியவராகவும் நடித்தார். 'ஷோலே' (1975) படத்தில் மகனைப் பறிகொடுக்கும் பார்வையற்ற இமாமை மறந்தவர் யார்?

1993ஆம் ஆண்டு. கலவரத்தின் புண் ஆறாத பம்பாய். பிறந்த ஊரைக் காண விரும்பி விசா நாடிய அம்முதியவர், பாகிஸ்தான் துணைத்தூதரகத்தின் பாகிஸ்தான் தின விழாவுக்குச் சென்றார். சிவசேனை அவரைத் தேசத் துரோகி எனச் சாடி, அவர் நடித்த படங்களைப் புறக்கணிக்க அறைகூவியது. கொடும்பாவிகள் எரிந்தன. படங்களில் அவர் தோன்றும் காட்சிகள் வெட்டப்பட்டன. ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவரை அழைப்பார் இல்லை.

கதாநாயகனை நீக்கினால் படமே நின்றுவிடும்; முதலாளி நட்டமடைவார். குணச்சித்திர நடிகரின் காட்சியை வெட்டினால் சில அடிப் படச்சுருளே குறையும். ஆகவே அரசியற் கோபம் எளிதில் பாயுமிடம் அவரே.

ஈண்டு வேறொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எம். ஆர். ராதாவின் நாடகங்களை அடக்க முற்பட்ட சென்னை அரசு, 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. அது தீயதே, எனினும் எழுத்திலிருந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை வீழ்த்தியது. நம் மக்களை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் எழுத்திலிருந்தது. அதன் விளைவை நீக்க 2003இல் மற்றொரு சட்டம் வந்தது. ஆனால் ஹங்கலுக்கு நேர்ந்த தடைக்கு ஏடுமில்லை, கையொப்பமுமில்லை. எந்த மன்றில், எவர்மீது வழக்குரைப்பது? அறைகூவியவர் ஒரு கட்சியினர்; அதனை நிறைவேற்றியோர், அஞ்சி வாய்மூடியிருந்த சக தொழிலினர்.

ஹங்கல் மீண்டும் நடித்தார். 'லகான்' (2001) படத்திலும் தோன்றினார். 2006இல் பத்மபூஷண் பெற்றார். இறுதிக் காலத்தில் மருத்துவச் செலவுக்கே இடருற்று, 2012 ஆகஸ்ட் 26இல் காலமானார். விருது வழங்கிய நாடு, வெட்டிய பேருக்கு விடை கூறவில்லை.

'ஷோலே'யின் இமாம், ஊரே வாயடைத்து நிற்பதன் காரணத்தை வினவுவார். 1993இல் அவ்வினாவைத் திரையுலகை நோக்கிக் கேட்கும் உரிமை, அதை நடித்த மனிதருக்கே இருந்தது.