பாரிஸ் உறங்குகிறது: நின்ற காலமும் செல்லாக் காசும்

ரெனே கிளேர் 1923-இல் எடுத்து, 1925-இல் வெளிவந்த 'பாரிஸ் உறங்குகிறது' என்னும் மௌனப்படத்தைக் குழந்தைகளுக்கான வேடிக்கை என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. முதற்படம், எடுத்தபோது இயக்குநருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை, விளையாட்டாகச் செய்திருக்கிறார் என்பது அவர்கள் கட்சி. விளையாட்டு என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அவ்விளையாட்டுக்குள் காலத்தைப் பற்றிக் கசப்பானதொரு விசாரணையும் நடக்கிறது.

ஈபிள் கோபுரத்தின் இரவுக் காவலன் காலையில் கண்விழிக்கிறான். கீழே நகரம் அசைவற்றுக் கிடக்கிறது. கடிகாரங்கள் அதிகாலை 3.25-இல் நின்றுவிட்டன. திருடனும் அவனைத் துரத்திய காவலரும் சிலைகளாகி நிற்கிறார்கள். (சூரியன் மட்டும் நிற்காமல் உதித்துவிடுகிறது, கிளேர் அதைப் பொருட்படுத்தவில்லை, நாமும் விட்டுவிடலாம்.) எல்லாம் ஒரு விஞ்ஞானியின் கதிர் செய்த வேலை. அது எட்டாத உயரத்தில் இருந்தமையால் காவலனும், மார்செயிலிருந்து விமானத்தில் வந்த சிலரும் தப்பினர்.

இனி நகரமே அவர்களுடையது. மதுவும் முத்துமாலையும் பணமும் கைக்கெட்டும் தூரத்தில், தடுப்பாரில்லை. கொண்டாட்டம் நெடுநாள் நீடிப்பதில்லை. மறுப்பதற்கு ஒருவரும் இல்லாத ஊரில் பணம் வெறுங்காகிதமாகிவிடுகிறது. வேண்டிய அளவு காலம் கிடைத்தவர்கள் கோபுரத்தின் மீது சலித்து அமர்ந்திருக்கும் காட்சிகளே இப்படத்தின் உயிர் என்போம். பிறகு, உடனிருக்கும் ஒரே பெண்ணுக்காக அந்தரத்து இரும்புச் சட்டங்களின் மேல் ஆடவர் அடித்துக்கொள்கின்றனர். சிரிப்பு வருகிறது, கூடவே வயிற்றைப் பிசையவும் செய்கிறது.

இதைவிடக் கூர்மையான இடம் ஒன்று பின்னால் வருகிறது. நகரம் மீண்டும் இயங்கத் தொடங்கியதும் காவலனும் விஞ்ஞானியின் உறவுப்பெண்ணும் காதலர்களாக வெளியே கிளம்புகிறார்கள். கையில் காசில்லை. உடனே அவர்களுக்குத் தோன்றும் வழி என்ன? காலத்தை மறுபடி நிறுத்திவிட்டுத் திருடுவது! காலம் ஓடினால்தான் காசுக்கு மதிப்பு. அந்தக் காசைப் பெறவோ காலம் நிற்கவேண்டும். பொருளியல் நூல்கள் சுற்றி வளைத்துச் சொல்வதைக் கிளேர் ஒரு விசைப்பிடியை இழுத்துக் காட்டிவிடுகிறார்.

அந்த விசைப்பிடி திரைப்படக் கருவியையே நினைவூட்டுவதாக விமரிசகர்கள் சொல்வதுண்டு. இழுத்தால் உலகம் நிற்கிறது, விட்டால் ஓடுகிறது. சரியான கூற்றுதான், எனினும் அதோடு நின்றுவிட்டால் படத்தின் பசியை மறந்தவர்களாவோம்.

சுருக்கப்பட்ட பிரதிகளும் புழக்கத்தில் உள்ளன. வாசக நண்பர்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும் பிரதியையே தேடிப் பார்க்கவேண்டும். கோபுரத்தின் மேல் அவர்கள் சலிக்கும் நேரத்தை நாமும் உடனிருந்து கழிக்கவேண்டியிருக்கிறது.