ஆளைக் குறைக்குமுன் கணக்கைப் பாருங்கள்



எனக்கு அறிமுகமான சிறு அச்சக உரிமையாளர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் மிகுந்த கவலையோடு என்னைக் காண வந்தார். "வரவு சுருங்கிவிட்டது, ஐயா. செலவோ குறையவில்லை. கணக்கு எழுதும் பெண்ணை நிறுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை" என்றார். அப்பெண்ணின் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பம் இருப்பதை அவரும் அறிவார். ஆகவேதான் முகத்தில் அத்துணை வாட்டம்.

"கணினி மென்பொருள்களுக்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு செலுத்துகிறீர்கள்?" என்று கேட்டேன். அவரால் விடை கூற இயலவில்லை.

இது அவர் ஒருவருடைய குறை அன்று. முன்பெல்லாம் ஒரு மென்பொருளை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் பல்லாண்டு பயன்படுத்தலாம். இன்றோ பெரும்பாலானவை வாடகைக்கே கிடைக்கின்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2011இல் ஆஃபீஸ் 365 என்னும் சந்தாச் சேவையைத் தொடங்கியது. அச்சகத்தார் நன்கறிந்த அடோபி நிறுவனம், தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனிச் சந்தா முறையிலேயே வழங்குவதாக 2013இல் அறிவித்தது. விலைக்கு வாங்கிய பொருள் பயனின்றிக் கிடந்தால் நட்டம் அத்தோடு முடியும். வாடகைப் பொருளோ மூலையில் கிடந்தாலும் மாதந்தோறும் பணம் கேட்கும்.

தலைக்கு மாதம் 500 ரூபாய் வீதம் பத்துப் பேருக்கு ஒரு சேவை வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 60,000 ரூபாய். அவர்களுள் நால்வர் வேலையை விட்டு விலகிய பின்னும் அவர்கள் பெயரிலுள்ள கணக்குகளை மூடாவிட்டால், 24,000 ரூபாய் வீணாகிறது. இதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. அவ்வரிக்குப் பதிவு பெறாத சிறு வணிகருக்கு அதுவும் திரும்பி வராத செலவே.

அன்று மாலை இருவரும் அச்சகத்தில் அமர்ந்தோம். பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கையும் கடன் அட்டைக் கணக்கையும் எடுத்து வைத்து, கோடிட்ட நோட்டில் ஐந்து பத்திகள் வரைந்தோம்: மென்பொருளின் பெயர், செய்யும் வேலை, பயன்படுத்துவோர், ஆண்டுச் செலவு, புதுப்பிக்கும் நாள். மூன்றாவது பத்தியை நிரப்ப உரிமையாளரால் முடியவில்லை. கணக்கு எழுதும் அப்பெண்ணைத்தான் அழைக்க வேண்டியதாயிற்று. கோப்புகளைச் சேமிக்க இரண்டு சேவைகள், காணொளிக் கூட்டத்துக்கு இரண்டு, ஆர்டர் குறித்து வைக்க மட்டுமே பயன்படும் கணினியில் விலையுயர்ந்த வடிவமைப்பு மென்பொருள் என ஒவ்வொன்றாக அவர் எடுத்துச் சொன்னார்.

நீக்குவதிலும் நிதானம் வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, ஆண்டறிக்கை செலுத்த வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். ஆதலால் பழைய பட்டியல்களையும் பதிவேடுகளையும் நகலெடுத்து, அவை திறக்கின்றனவா என்று சோதித்த பின்னரே கணக்கு மென்பொருளை விடலாம். கோப்புகளுக்கு மாற்று நகல் எடுக்கும் ஏற்பாட்டில் சிக்கனம் பார்க்கலாகாது. திருட்டுப் பிரதியை நாடுவதோ சிக்கனமே அன்று; அது பிறர் உழைப்பைக் களவாடுவதாகும்.

நேர்மையான இலவச வழிகளும் உண்டு. கடிதம் எழுதவும் அட்டவணை போடவும் லிபரே ஆஃபீஸ் போன்றவை போதும். பிரான்சு நாட்டின் ஜென்டார்மெரி காவற்படை 2005இல் இத்தகைய அலுவலக மென்பொருளுக்கு மாறி, ஊழியர் பழகிய பின்னரே, 2008 முதல் கணினியின் அடிப்படை இயக்கத்தையும் உபுண்டுவுக்கு மாற்றத் தொடங்கியது. ஒரே நாளில் எல்லாவற்றையும் புரட்டிப் போட முயல்வோர் இதனைக் கருதுவார்களாக.

இன்னொன்று. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2021 அக்டோபர் முதல், அட்டையிலிருந்து தானாகவே பிடிக்கப்படும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும். அப்போது நாம் மறுக்கவும் முடியும். அந்தக் குறுஞ்செய்தியைப் படியாமலே அழித்துவிடுகிறோம் அல்லவா?

அச்சகத்தில் மிச்சமான தொகை அப்பெண்ணின் முழுச் சம்பளத்துக்கு ஈடாகவில்லை. ஆயினும் அவரை நிறுத்தும் எண்ணத்தை உரிமையாளர் கைவிட்டார். அந்த நோட்டு இப்போது அவருடைய பொறுப்பில் இருக்கிறது. புதிதாக எந்த மென்பொருள் வாங்குவதாயினும், முதலில் அவரைக் கேட்கிறார்கள்.

நெருக்கடி வரும்போது முதலில் நம் கண்ணில் படுவது மனிதர்களின் சம்பளமே. ஏனெனில் அதை நாம் கையால் எண்ணிக் கொடுக்கிறோம். கண்ணில் படாமல் போகும் பணத்தை எண்ணிப் பார்த்தோமா? தொழில் நடத்தும் அன்பர்களே, இம்மாத இறுதிக்குள் ஒரு மாலைப்பொழுதை அதற்கென ஒதுக்குங்கள்.