சீட்டு கிடைத்தது, இடம் கிடைத்ததா?



பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டியில் இருந்து எழுதுகிறேன். வெல்லத்துக்குப் பேர் போன ஊர். என் கணவர் வெல்ல ஆலையில் கொப்பரை காய்ச்சுகிறவர். நான் பத்தாவது வரை படித்தவள். எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டு என் கையில்தான் இருக்கிறது.

என் மூத்த மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். பிறகு பி.காம். முடித்து, டான்செட் தேர்வு எழுதி, கவுன்சலிங்கில் எம்.பி.ஏ. சீட்டு வாங்கினாள். கல்லூரியின் பெயர் வேண்டாம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அந்தப் படிப்புக்குப் போன முதல் பிள்ளை அவள்தான். சீட்டு கிடைத்த அன்று தெரு முழுக்க சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது.

"அம்மா, நான் ஊருக்கே வந்துடறேன்."

"ஏன் கண்ணு, சாப்பாடு சேரலையா?"

"சாப்பாடு இல்லம்மா. யாரும் என்னைக் குரூப்புல சேத்துக்க மாட்டேங்கறாங்க."

விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தப் படிப்பில் பாதி வேலை குழுவாகச் செய்கிற வேலை. ஆசிரியர், "நீங்களே ஆறு ஆறு பேராகச் சேர்ந்து கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டாராம். இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர்கள் ஒரு பக்கம், என்ஜினீயரிங் முடித்தவர்கள் ஒரு பக்கம் என்று நிமிடத்தில் சேர்ந்து விட்டார்கள். மிச்சம் நின்றது என் மகள், கண் பார்வை குறைந்த ஒரு பையன், கொடைக்கானல் மலைக் கிராமத்தில் இருந்து வந்த ஒரு பெண், இன்னும் இரண்டு பேர். அவர்களை எல்லாரும் "மிச்ச குரூப்" என்றே கூப்பிட்டார்களாம். அடிக்கிற அடியைவிட இந்த மாதிரி வார்த்தை வலிக்கும், இல்லையா?

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. எம்.பி.ஏ.வில் 'கேஸ் ஸ்டடி' என்று ஒன்று. ஒரு கம்பெனிக்கு வந்த சிக்கலைச் சில பக்கம் எழுதிக் கொடுப்பார்கள். ராத்திரி படித்து விட்டு, மறுநாள் வகுப்பில் எல்லாரும் வாதம் செய்ய வேண்டும். பேசுவதற்கே மார்க். வாய் திறக்காதவளுக்குப் படித்திருந்தும் பலன் இல்லை. ஒரு நாள் பண்டிகைக் காலத்தில் சரக்கு விலை ஏறுவதைப் பற்றிய பாடம். பொங்கலுக்கு முன்னால் சிப்பம் என்ன விலை போகும், கேரளா வியாபாரி எப்போது வருவார், மழைக் காலத்தில் வெல்லம் கசிந்தால் எவ்வளவு நஷ்டம் என்றெல்லாம் பிறந்ததில் இருந்து கேட்டு வளர்ந்தவள் அவள்.

"பதில் எனக்குத் தெரியும்மா. இங்கிலீஷுல சொல்லணும்னு தொண்டைக்குள்ளயே நின்னுடுச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு வேற ஒருத்தன் அதையே சொன்னான். எல்லாரும் கை தட்டினாங்க" என்றாள்.

அவள் அப்பா, "வரச் சொல்லு. தாராபுரத்து வரன் இன்னும் காத்திருக்குது" என்றார். நானோ, "கொஞ்சம் அனுசரிச்சுப் போ கண்ணு" என்றேன். அதோடு நிறுத்தாமல், அந்த மலைக் கிராமத்துப் பெண்ணும் இவளும் ஒரே அறையில் தங்கப் போவதாகச் சொன்னபோது, என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டு விட்டேன்.

போனில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள்: "இங்க என்னையும் அதைத்தாம்மா கேக்கறாங்க. நாசூக்கா கேக்கறாங்க. உன் மார்க் எவ்வளவு, எந்த கோட்டாவுல வந்தேன்னு கேக்கறாங்க."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பிள்ளையை ஒதுக்குகிறார்கள் என்று அழுத நானே, இன்னொருத்தி பிள்ளையை ஒதுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! அந்தக் கல்லூரிப் பிள்ளைகளும் இதை வானத்தில் இருந்து கற்றுக் கொண்டு வரவில்லை. எங்களைப் போன்ற அம்மாக்களிடம்தான் கற்றிருப்பார்கள்.

சட்டம் தன் வேலையைச் செய்திருக்கிறது. நம் மாநிலத்தில் 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கு 1994-ல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஐ.ஐ.எம். போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2008-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்னது. மாற்றுத் திறனாளிகளுக்கு 2016 சட்டப்படி 5 சதவீதம். இத்தனை கதவும் போராடித் திறந்தவை. ஆனால் வகுப்புக்குள் யார் பக்கத்தில் யார் உட்காருவது, யாரை யார் குழுவில் சேர்ப்பது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதை மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

"வியாபாரப் படிப்பில் இரக்கத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். நானும் இரக்கம் கேட்கவில்லை. ஒரே மாதிரி வளர்ந்த அறுபது பேர் கூடி வாதம் செய்தால் ஒரே பதில்தான் வரும். பெரிய நிறுவனங்களே இதைப் புரிந்து கொண்டு விட்டன. ஐ.ஐ.எம்.கள் சிலவற்றில் பெண்களுக்கும், என்ஜினீயரிங் அல்லாத படிப்பு படித்தவர்களுக்கும் தேர்வில் கூடுதல் புள்ளி கொடுக்கிறார்கள். அடுத்த மாநிலமான கேரளாவில், கோழிக்கோடு ஐ.ஐ.எம்.மில் 2013-ல் சேர்ந்த பிள்ளைகளில் பாதிக்கும் மேல் பெண்கள். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் சோப்பும் எண்ணெயும் விற்கப் போவது யாரிடம்? நம்மைப் போன்ற நெய்க்காரப்பட்டிப் பெண்களிடம்தானே! நம் வீட்டு மளிகைச் சீட்டு தெரிந்த ஒருத்தி வகுப்பில் இருந்தால் லாபம் யாருக்கு?

சென்னையில் பிறந்து, கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்த இந்திரா நூயி பெப்சி நிறுவனத்துக்கே தலைவரானவர். அவர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படித்தபோது, கையில் இருந்த காசுக்கு வாங்கிய பொருந்தாத கோட்டு சூட்டில் வேலை நேர்காணலுக்குப் போய்க் கூசிப் போனாராம். "உன் ஊரில் எதை உடுத்துவாயோ அதை உடுத்து" என்று அங்கிருந்த அதிகாரி ஒருவர் தைரியம் சொல்ல, அடுத்த நேர்காணலுக்குச் சேலையில் போய் வேலை வாங்கினார். சென்னையில் வசதியாக வளர்ந்து இங்கிலீஷில் படித்தவருக்கே ஒரு நல்ல வார்த்தை தேவைப்பட்டது. என் மகள் பிளேசர் வாங்க இரண்டாயிரம் ரூபாய் கேட்டபோது குழுவில் கடன் எடுத்து அனுப்பினேன். கோட்டு கொடுக்க முடிந்தது. அந்த நல்ல வார்த்தையைக் கொடுக்க எனக்குத் தெரியாமல் போயிற்று.

எங்கள் மகளிர் குழுவில் பதினைந்து பேர். எல்லா ஆட்களும் உண்டு. கூட்டத்தில் பேசாதவளையும் பேர் சொல்லிக் கேட்போம். பொறுப்பு சுற்றி வரும். கைநாட்டு வைத்தவள் கையெழுத்துப் போடப் பழகியது அப்படித்தான். படிக்காத எங்களுக்குத் தெரிந்தது பெரிய கல்லூரிகளுக்குத் தெரியாதா? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

குழுக்களைப் பிள்ளைகள் இஷ்டத்துக்கு விடாமல், ஆசிரியரே கலந்து பிரிக்க வேண்டும். முதல் பருவத்திலாவது பதிலைத் தமிழ் கலந்து சொன்னால் மார்க் குறைக்கக் கூடாது. பேச்சு இங்கிலீஷ் பழக மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். கண் தெரியாத பிள்ளைக்குப் பாடத்தை முன்கூட்டியே கேட்கிற வடிவில் கொடுக்க வேண்டும். மார்க்கையும் கோட்டாவையும் கேட்டுக் குத்துவதை ராகிங்கைப் போலவே கண்டிக்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பிள்ளை அழுதால் வரனைக் காட்டி இழுக்கக் கூடாது. அறைத் தோழியின் பேரைக் கேட்போம், ஊரைக் கேட்போம், சாப்பிட்டாளா என்று கேட்போம். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

என் மகள் வந்துவிடவில்லை. இரண்டாம் பருவத்தில் வந்த ஒரு அம்மா ஆசிரியை சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குழு பிரித்தாராம். "மிச்ச குரூப்" என்ற பேர் அதோடு போயிற்று. போன மாதம் வெல்ல ஏலத்தைப் பற்றித் தமிழும் இங்கிலீஷுமாகப் பத்து நிமிடம் பேசினாளாம். கை தட்டினார்களா என்று நான் கேட்டேன். "கேள்வி கேட்டாங்கம்மா. நெறைய கேள்வி" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் போதும்.

தைப் பொங்கலுக்கு அந்த மலைக் கிராமத்துப் பெண்ணையும் வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்லி இருக்கிறேன். அவருக்கும் சம்மதம்தான். முதல் பந்தியில் என் மகள் பக்கத்திலேயே அவளுக்கும் இலை போடுவேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரைக் கூட்டி வருகிறார்கள் சகோதரிகளே?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
நெய்க்காரப்பட்டி.