மூலை ஜன்னலை மூடலாமா?

தீபாவளிக்கு முன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் ஒரு சிறு யுத்தமே மூண்டது. காரணம், கூடத்து மூலை ஜன்னல்.

மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் வசிக்கும் அன்பர்களுக்கு அந்த ஜன்னலைத் தெரிந்திருக்கும். இரண்டு சுவர்கள் சேர வேண்டிய இடத்தில் சுவரே இல்லாமல், இரு பக்கமும் மடங்கி நிற்கும். எங்களுடையதில் ஒரு பக்கம் தெரு. மறுபக்கம் அடுத்த கட்டடம்.

மகன் கேட்லாக் கொண்டு வந்தான். தரை வரை தொங்கும் கனத்த இரட்டைத் திரை. வெளிச்சம் துளியும் புகாது, ஏ.சி.க்கும் நல்லது என்றான். மகளுக்கோ, அடுத்த கட்டடத்தார் கண்ணில் படாமல் உட்கார்ந்து படிக்க வேண்டும். இருவர் சொன்னதும் நியாயமே. என் அம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி, மூட்டுவலி. அவள் கீழே இறங்கி வருஷம் இரண்டாகிறது. பூக்காரி, காய்கறி வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று உலகத்தை அவள் பார்ப்பது அந்த மூலையிலிருந்துதான். கடைசியில் பேரனிடம், "திரை போட்டுக்கோடா, மூலையை மட்டும் அடைச்சுடாதே" என்றாள்.

அம்மா கேட்டது நியாயம் என்பதற்கு இந்தப் பேட்டையின் சரித்திரமே சாட்சி. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெரிசலை ஒழிக்கவென்று 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. தாதர்–மாட்டுங்கா மனைத்திட்டம் அது வகுத்ததே. அறைக்குள் வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்காகக் கட்டடங்களுக்கு இடையே விடும் வெளியை 63½ பாகைக் கோணத்தால் கணக்கிட்டார்கள். 1930, 40-களில் இங்கே கான்கிரீட் கட்டடங்கள் எழுந்தபோது, பாரத்தைத் தூண்களும் உத்தரங்களும் தாங்கியதால் மூலையையும் ஜன்னலாக்க முடிந்தது. இரு திசைக் காற்றும் கூடத்துக்கு வந்தது.

பிளேக் பழங்கதை என்று சொல்லலாம். ஆனால் செம்பூரை அடுத்த கோவண்டி, மான்கூர்டு மறுவாழ்வுக் குடியிருப்புகளைப் பற்றி 2018-ல் வெளிவந்த ஆய்வு, காற்றும் வெளிச்சமும் குறைந்த வீடுகளையும் காசநோயையும் தொடர்புபடுத்திப் பேசியது. தாராவிச் சந்து ஒன்றில் இருக்கும் என் நண்பர் வீட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப்லைட் எரிகிறது. ஒரு ஜன்னலுக்கு அவர் ஏங்குகிறார். நாமோ இருப்பதைத் துணியால் அடைக்கிறோம்!

சரி, நாங்கள் என்ன செய்தோம்? இரு பக்கத்துக்கும் தனித்தனிக் கம்பி போட்டு, ஒவ்வொன்றையும் வெளிச்சுவர் மேல் ஓர் அடி அதிகமாக நீட்டினோம். விலக்கும்போது திரைகள் சுவரோரம் ஒதுங்கும்; மூலை திறந்தே இருக்கும். மூலையில் கம்பிகள் சேரும் இடத்தில் இடைவெளி தெரிந்தால், முழங்கை போல் வளைந்த இணைப்பு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். அடுத்த கட்டடத்துப் பக்கம் மட்டும் கீழ்ப்பாதிக்கு மெல்லிய வெள்ளைத் துணி. வெளிச்சம் மேலே வரும், மகளும் நிம்மதியாகப் படிப்பாள். இரவில் விளக்கு போட்டால் மெல்லிய துணி வழியே உள்ளே தெரியும். அப்போது பெரிய திரையை இழுத்துக்கொள்கிறோம்.

துணி கரூர்ப் பருத்தி. ஊருக்குப் போனபோது வாங்கியது. ஜன்னல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். இந்த ஊர் மழையில் கனத்த துணி ஈரம் பிடித்தால் லேசில் காயாது, பூஞ்சை நாற்றமும் போகாது. பருத்தியை அலசி ஃபேனடியில் உலர்த்திவிடலாம். மேற்கு வெயில் அடித்தால் மூங்கில் தட்டி நல்லது. இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவருக்குக் கனத்திரை வேண்டியதுதான். அதைப் படுக்கையறையில் போடட்டும்.

எனவே அன்பர்களே, திரைக்கு அளவெடுக்கும் முன் அந்த ஜன்னலருகே தினமும் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மகன் இன்னும் கொஞ்சம் முணுமுணுக்கிறான். அம்மாவின் நாற்காலி மட்டும் இடம் மாறவில்லை.