பாட்டுக்கா வாக்கு, பரிதாபத்துக்கா?



வாரக் கடைசியில் எங்கே போனாலும் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருப்பதில்லை. ஜோர்ஜ் டவுன் ஒட்டுக்கடைகளிலும் சரி, கடலுக்கு அந்தப் பக்கம் நிபோங் திபால் செம்பனைத் தோட்டத்து வீடுகளிலும் சரி, தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியைப் பற்றித்தான் வாதம். "முன்ன மாதிரி இல்லீங்க, தரம் கொறஞ்சு போச்சு" என்கிறார் ஒருவர். "யாருக்குப் பரிசுன்னு முன்னாடியே முடிவு பண்ணிடுறாங்க" என்கிறார் இன்னொருவர். "நடுவருங்க எல்லாரையும் ஒரே மாதிரி புகழ்றாங்க" என்பது மூன்றாமவரின் குறை. பக்கத்தில் இருக்கும் அம்மா மட்டும் உண்மையை உடைத்துச் சொல்லிவிடுகிறார்: "அந்தப் பிள்ளை அழுதப்போ எனக்கும் அழுகை வந்துடுச்சு. அதுக்காகத்தான் ஓட்டுப் போட்டேன்."

இந்த நாலு பேரில் அந்த அம்மாவின் சொல்லைத்தான் நாம் இன்று எடுத்து ஆராய வேண்டும். தரம் குறைந்ததா என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. உலகத்தின் பெரிய பாட்டுப் போட்டிகளில் ஒன்று ஐரோப்பிய நாடுகள் நடத்தும் 'யூரோவிஷன்'. 1956-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு அது தொடங்கியது. 1974-இல் சுவீடனின் 'ஆபா' குழுவை உலகறியச் செய்ததும் அந்த மேடைதான். நீண்ட காலம் ஒவ்வொரு நாட்டிலும் நடுவர் குழு அமர்ந்து புள்ளி வழங்கியது. 1997-இல் ஐந்து நாடுகளில் பொதுமக்கள் தொலைபேசி மூலம் வாக்களிக்கும் முறை வந்தது. அடுத்த ஆண்டே பெரும்பாலான நாடுகள் அதற்கு மாறிவிட்டன. 1998-க்குப் பிறகு பாடகருக்காக நேரடியாக வாசித்த பெரிய இசைக்குழுவையும் நிறுத்திவிட்டார்கள். பதிவு செய்த இசையே போதும் என்றாயிற்று.

அதன் பிறகு கிளம்பிய முணுமுணுப்பைக் கேட்டால் நம் ஒட்டுக்கடைப் பேச்சு போலவே இருக்கும். பக்கத்து நாட்டுக்காரன் பக்கத்து நாட்டுக்கே வாக்களிக்கிறான், பிழைக்கப் போன இடத்திலிருந்து மக்கள் தாய்நாட்டுக்கே வாக்களிக்கிறார்கள், பாட்டை யார் கேட்கிறார்கள் என்று ரசிகர்கள் சலித்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2003-இல் பிரிட்டன் ஒரு புள்ளிகூடப் பெறாமல் கடைசி இடத்துக்குப் போயிற்று. ஈராக் போருக்காக மற்ற நாடுகள் பழிவாங்கிவிட்டன என்று பலர் சொன்னார்கள். அந்தக் கோபம் ஓரளவு இருந்திருக்கலாம். ஆனால் அன்று அந்த இருவர் பாடியதில் சுருதி விலகியிருந்தது என்பதும் உண்மை. வாக்கு முறையைக் குறை சொல்லும் அவசரத்தில் பாட்டின் குறையை மறந்துவிடுவதும் ரசிகர் வழக்கம்தான்.

முணுமுணுப்பு வளர்ந்து வளர்ந்து, 2009-இல் இறுதிச் சுற்றுக்கு நடுவர் குழுவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பாதி புள்ளி இசை அறிந்தவர்களுக்கு, பாதி புள்ளி பொதுமக்களுக்கு என்று பிரித்தார்கள். மக்களுடைய அன்பையும் தள்ளவில்லை, காது பழகியவர்களுடைய தீர்ப்பையும் விடவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 2007 டிசம்பரில் ஜகார்த்தாவில் 'ஏஷியன் ஐடல்' என்று ஒரு போட்டி நடந்தது. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, இந்தியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகிய ஆறு நாடுகளின் வெற்றியாளர்கள் ஒரே மேடையில் பாடினார்கள். நம் நாட்டின் சார்பில் நின்றவர் ஜாக்லின் விக்டர். 2004-இல் முதல் 'மலேசியன் ஐடல்' பட்டம் பெற்ற நம் இனத்துப் பெண். அவருடைய குரலைப் பற்றி நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

அந்தப் போட்டியில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. வாக்களிப்பவர் ஒரு பெயரை மட்டும் அனுப்பக் கூடாது. இரண்டு பெயர்களைச் சேர்த்து அனுப்ப வேண்டும். முதல் பெயர் யாருடையதாக இருக்கும்? தன் நாட்டவருடையதுதான். இரண்டாவது பெயரில்தான் போட்டியே அடங்கியிருந்தது. முடிவில் சிங்கப்பூரின் ஹாடி மிர்சா வென்றார். அவர் பாடத் தெரியாதவர் அல்லர். ஆனால் பலரும் எதிர்பார்த்த முடிவு அன்று அது. அதே ஜாக்லின் விக்டர், நடுவர்கள் தீர்ப்பு வழங்கும் 'அனுகெரா ஜுவாரா லாகு' மேடையில், 2005-ஆம் ஆண்டுக்கான முதல் பரிசைக் 'கெமிலாங்' பாடலுக்குப் பெற்றுத் தந்தார். குரல் ஒன்றுதான்; அளக்கும் படிதான் வேறு.

ஆகவே, வாசகர்களே, குரல்கள் கெட்டுவிட்டன என்று நான் நினைக்கவில்லை. நம் பள்ளிப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் எந்தக் காலத்துக்கும் இளைத்தவர்கள் இல்லை என்று துணிந்து சொல்வேன். அளக்கும் படியில்தான் கோளாறு. அந்தப் படியை இன்று நம் கையிலேயே, கைத்தொலைபேசி வடிவத்தில், கொடுத்துவிட்டார்கள்.

தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பால் வாளியில் தண்ணீர் கலந்தால் எடை கூடும்; ரப்பர் கூடாது. அதனால்தான் பாலை நிறுப்பதோடு விடாமல், அதில் ரப்பர் எவ்வளவு என்றும் சோதித்துப் பார்ப்பார்கள். இன்றைய போட்டிகளில் பாட்டோடு சேர்த்துக் கண்ணீரும் ஊற்றப்படுகிறது. எடை கூடுகிறது. சோதித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இதை நான் யாரோ எழுதியதைப் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் படித்த ஒரு பெண் பிள்ளைக்காக, அவளுடைய அம்மா ஒரு பாட்டுப் போட்டி விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என்னைப் பூர்த்தி செய்து தரச் சொன்னார். எந்தப் போட்டி என்பது இங்கே முக்கியமில்லை. அதில் பாட்டைப் பற்றிய கேள்விகள் சில. குடும்பத்தின் கஷ்டங்களை விளக்கமாக எழுதச் சொல்லும் இடம்தான் பெரிது. அவளுடைய அப்பா செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. மட்டை விழுந்து தோளில் அடிபட்டு மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தவர். "அதையும் எழுதுங்க டீச்சர், அப்பதான் கூப்பிடுவாங்களாம்" என்றார் அம்மா. பக்கத்தில் நின்ற பிள்ளை மெல்லச் சொன்னாள்: "டீச்சர், அப்பாவுக்கு அடிபட்டதை எழுதாதீங்க. நான் பாடத்தானே போறேன்?"

அந்தக் கேள்விக்கு நாம் எல்லாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அம்மாவின் மேல் குற்றமில்லை. கஷ்டத்தைச் சொன்னால்தான் கதவு திறக்கும் என்று ஊர் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் அப்பாவின் வலி ஒரு காட்சிப் பொருளாவது பிடிக்கவில்லை. நாம் அந்த இடத்தை வெறுமையாக விட்டோம். அவளைக் கூப்பிடவில்லை. அவள் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள், பாடவும் செய்கிறாள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2023-இல் ஜீ தமிழ் தொலைக்காட்சியின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மேடைக்கு இலங்கை மலையகத்திலிருந்து ஒரு சிறுமி வந்தாள். புசல்லாவை, நயாபன தோட்டத்துப் பிள்ளை அசானி. அந்த மக்கள் இந்தியாவிலிருந்து மலையகத்துக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்த ஆண்டும் அதுவே. தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையை அதுவரை எண்ணிப் பாராத எத்தனையோ தமிழ் வீடுகள் அந்தப் பிள்ளையால் எண்ணிப் பார்த்தன. நம் தோட்டத்து மக்கள் அவளைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே பார்த்தார்கள். இதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அந்த ஆண்டு பரிசு யாழ்ப்பாணத்துக் கில்மிஷாவுக்குப் போனது. அதனால் அசானி பாடியது குறைந்துவிடவில்லை.

வாழ்க்கைக் கதை ஒரு பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிடட்டும். உள்ளே வந்த பிறகு அவளுடைய பாட்டை நாம் கேட்க வேண்டும். சுருதி விலகினால் விலகியது என்று அன்போடு சொல்ல வேண்டும். ஏழைப் பிள்ளை என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் புள்ளி போட்டால், 'உனக்கு இவ்வளவுதான் வரும்' என்று சொல்லாமல் சொல்லியதாகிவிடும். வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் திருத்திச் சொல்ல ஆசிரியர் வீட்டுக்கே வருவார். நம் பிள்ளைக்கு நம் காதுதான் ஆசிரியர்.

காது என்ன செய்யும் என்பதற்குப் பினாங்கிலேயே சான்று இருக்கிறது. 1929-இல் ஜோர்ஜ் டவுனில் பிறந்த பி. ரம்லி, இருபது வயது நிறையுமுன்பே ரேடியோ மலாயாவின் பாட்டுப் போட்டியில் பாடி வடமலாயாவில் பெயரெடுத்தார். வானொலியில் முகம் தெரியாது. வீடும் வாசலும் தெரியாது. 1948 ஜூன் மாதம் புக்கிட் மெர்தாஜாம் விழா மேடையில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது, இந்தியாவிலிருந்து வந்து மலாய்ப் படங்களை இயக்கிய பி. எஸ். ராஜன்ஸ் கூட்டத்தில் நின்று கேட்டார். கேட்டவர் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். ஒருவர் நின்று கேட்டதால் ஒரு நாட்டுக்கே கலைஞன் கிடைத்தான்.

இனி நாம் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன்.

வீட்டில் போட்டி பார்க்கும்போது, ஒரு பிள்ளை பாடத் தொடங்கியதும் முதல் சரணம் முடியும்வரை திரையைப் பார்க்காமல் கேளுங்கள். சமையலறையில் இருந்தபடியே கேட்டாலும் நல்லதுதான். மூன்றே கேள்விகள் போதும். சுருதியோடு சேர்ந்திருந்ததா? தாளம் ஓடாமல் நின்றதா? சொல் தெளிவாக விழுந்ததா, ழகரம் ழகரமாக வந்ததா? பிறகு வீட்டில் எல்லாரும் தங்கள் புள்ளியைத் தாளில் எழுதிப் பாருங்கள். பிள்ளைகள் கொடுக்கும் புள்ளி உங்களை வியக்க வைக்கும்.

வாக்களிக்கக் காசு கேட்கும் போட்டியானால், வீட்டுக்கு எத்தனை வாக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வெட்டுக்கூலியில் வந்த வெள்ளி, விளம்பர இடைவேளையில் போய்விடக் கூடாது. ஒரே இரவில் நூறு வாக்கு அனுப்புவது ரசனையாகாது.

கோயில் திருவிழாவிலும் பள்ளி நிகழ்ச்சியிலும் பாட்டுப் போட்டி நடத்தும் பொறுப்பாளர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாதிப் புள்ளியை இசை அறிந்தவருக்கும் பாதியைச் சபையோருக்கும் கொடுத்துப் பாருங்கள். தோற்ற பிள்ளைக்கும் அவள் எங்கே திருத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். நான் நடுவராக இருக்கும் போட்டிகளில் இதைச் செய்கிறேன். சில பிள்ளைகள் பரிசுக் கோப்பையைவிட அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையை மேடைக்கு அனுப்பும்போது விண்ணப்பத்தை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள். வீட்டுக் கதையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்பதில் அவளுடைய சம்மதமும் வேண்டும்.

உங்கள் வீட்டுப் புள்ளித் தாளில் யார் முதலில் வந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.