முகவரிக்கு ஒரு விலை

வாகனக் காப்புறுதி என்பது முகவர்களும் கணக்காளர்களும் பேசவேண்டிய விடயம், பத்திரிகையாளனுக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சட்டம் ஒரு பொருளை வாங்கியே தீரவேண்டும் என்று குடிமகனைக் கட்டாயப்படுத்தும்போது, அந்தப் பொருளின் விலை அரசியலாகிவிடுகிறது என்பதே என் பதில். இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது இல்லாமல் எந்த வாகனமும் வீதியில் இறங்க முடியாது. காப்புறுதிச் சான்றிதழைக் காட்டாமல் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கவும் முடியாது. லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள் என்றால் கடன் கொடுத்த நிறுவனம் முழுக் காப்புறுதியையே கேட்கும். ஆக, கிளிநொச்சிக் கமக்காரனுக்கும் கொழும்புக் கனவானுக்கும் இது விருப்பத்துக்குரிய செலவன்று.

நாட்டில் இந்தக் கட்டுப்பணத்தை முதன்மையாகத் தீர்மானிப்பவை வாகனத்தின் வகை, அதன் பெறுமதி, அதன் பயன்பாடு, நட்டஈடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கழிவு ஆகியவை. எந்த ஊரில், எந்த ஒழுங்கையில் வசிக்கிறீர்கள் என்று பார்த்து விலைப்பட்டியல் போடும் முறை இங்கே வேரூன்றவில்லை. இதைக் குறையாகக் காட்டும் வாதம் ஒன்று உண்டு. கேட்பதற்கு அது மிகவும் நியாயமாகவே இருக்கும். மல்லாவியிலும் துணுக்காயிலும் வீட்டிலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து சந்தைக்கும் ஓடுகின்ற வாகனம், கொழும்பின் நெரிசலில் நாள்தோறும் உரசுப்படும் வாகனத்தின் செலவை ஏன் சுமக்கவேண்டும்? வன்னிக்கு வேறு விலை, கொழும்புக்கு வேறு விலை என்று வைத்தால் நம்மவர்களுக்கு இலாபமல்லவா?

அல்ல. இந்தத் தூண்டிலில் உள்ள இரையை விழுங்கும் முன்னர், வன்னியிலிருந்து புலம்பெயர்ந்த நம் உறவுகளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவேண்டும். முகவரிக்கு விலை போட்டால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் மாதாமாதம் தங்கள் வங்கிக் கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே வாகனக் காப்புறுதி கட்டாயம். அதை விற்பவை தனியார் நிறுவனங்கள். நிறுவனங்கள் அஞ்சல் குறியீடுகளைச் சேர்த்து மாகாணத்தைப் பல வலயங்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு வலயத்துக்கும் ஒரு விலை. தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவும், தெற்காசியர் செறிந்து வாழும் பிரம்ரனும் மாகாணத்தின் மிக விலைகூடிய பகுதிகளின் வரிசையில் நெடுங்காலமாக நிற்கின்றன. அதே மனிதர், அதே வாகனம், அதே தவறற்ற சாரத்தியம்; வீட்டை மாற்றி வேறு நகருக்குப் போனால் கட்டுப்பணம் பெருமளவு குறைந்துவிடுகிறது. கட்டுப்பணங்களைச் சராசரியாக 15 வீதம் குறைப்போம் என்று 2013இல் அன்றைய மாகாண அரசு வாக்களித்தது. 2015 ஓகஸ்ட் என்ற காலக்கெடு வந்தது, போனது. 15 வீதம் வரவில்லை. 2018 ஒக்ரோபரில் அஞ்சல் குறியீட்டுப் பாகுபாட்டுக்கு எதிராக ஆளுங்கட்சியிலிருந்து ஒன்றும் எதிர்க்கட்சியிலிருந்து ஒன்றுமாக இரண்டு தனிநபர் சட்டமூலங்கள் சபைக்கு வந்தன. இரண்டும் சட்டமாகவில்லை. ஒருமுறை வலயம் என்று கோடு கிழித்துவிட்டால், அந்தக் கோட்டை அழிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பிரித்தானியாவிலும் இதே கதைதான். சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற நுகர்வோர் ஆலோசனை அமைப்பு 2022 மார்ச்சில் ஓர் ஆய்வை வெளியிட்டது. வெள்ளையர் அல்லாதோர் வாகனக் காப்புறுதிக்குச் சராசரியாக ஆண்டுக்கு 250 பவுண் கூடுதலாகச் செலுத்துகிறார்கள் என்றும், அவர்கள் பெரும்பான்மையாக வாழும் அஞ்சல் குறியீடுகளில் அந்த வேறுபாடு 280 பவுண் என்றும் அது கூறியது. விண்ணப்பத்தில் இனம் பற்றி எந்தக் கேள்வியும் இல்லை. கேட்கத் தேவையும் இல்லை. அஞ்சல் குறியீடு அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

சுவிற்சர்லாந்தில் அந்த மறைவும் இல்லை. அங்கே காப்புறுதி நிறுவனங்கள் சாரதியின் குடியுரிமை எந்த நாட்டினது என்று நேராகவே கேட்கின்றன. அதை வைத்து விலையும் போடுகின்றன. பால்கன் நாட்டவரும் துருக்கியரும் கூடுதலாகக் கட்டுவது அந்நாட்டில் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டுவரும் விடயம். புள்ளிவிபரம் காட்டினால் போதும், அது பாகுபாடு ஆகாது என்பது அங்குள்ள நிலைப்பாடு. இலங்கைக் கடவுச்சீட்டோடு அந்நாட்டில் வாழும் நம்மவரும் அந்த அட்டவணையில் ஏதோ ஒரு வரிசையில் இருக்கிறார். குடியுரிமைக்கு விலை போடும் நிறுவனத்திடம், சுவிஸ் கடவுச்சீட்டு கைக்கு வரும் நாளில் அவர் வேறொரு வரிசைக்கு மாறிவிடுவார். அதே கைதான் வண்டியைத் திருப்பப்போகிறது. அதே கால்தான் பிரேக்கை மிதிக்கப்போகிறது. ஆபத்து எங்கே மாறியது?

முகவரியோடு இது நின்றுவிடுவதில்லை. வயது, அனுபவம், தொழில், திருமண நிலை என்று சாரதியின் சாதகமே எழுதப்படுகிறது. ஆண், பெண் என்ற வேறுபாட்டைக் கொண்டு கட்டுப்பணம் கணிப்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2011 மார்ச் முதலாம் திகதி வழங்கிய தீர்ப்பால் தடுத்தது. 2012 டிசெம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. புள்ளிவிபரம் உண்மையாகவே இருந்தாலும் அதைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு என்பதையே அத்தீர்ப்பு நிலைநாட்டியது. இந்தக் கட்டுரையில் வாசகர்கள் மனதிற்கொள்ளவேண்டிய செய்தி அதுவே.

அனுபவம் என்பதன் கதையும் வேடிக்கையானது. விசுவமடுவிலும் ஒட்டுசுட்டானிலும் இருபது ஆண்டுகள் உழவு இயந்திரமும் லொறியும் ஓட்டியவர் லண்டனில் இறங்கினால், இலங்கை அனுமதிப்பத்திரத்தோடு 12 மாதங்கள் ஓட்டலாம். அதன் பிறகு பதினெட்டு வயதுப் பையனோடு வரிசையில் நின்று பரீட்சை எழுதவேண்டும். அது வீதி ஒழுங்கு வேறுபடும் நாட்டில் நியாயமே. ஆனால் காப்புறுதிக் கணக்கிலும் அவர் பெரும்பாலும் அனுபவம் குறைந்த சாரதிகளின் வரிசைக்கே தள்ளப்படுகிறார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஆவணங்கள் அனைத்தையும் தொலைத்த ஒருவர் தன் இருபது ஆண்டுகளை எந்தத் தாளில் காட்டுவார்?

நிறுவனங்கள் சொல்லும் பதிலையும் கேட்போம். ஆபத்து இடத்துக்கு இடம் மாறுகிறது. நெரிசல் உள்ள இடத்தில் மோதல் அதிகம், களவும் அதிகம். குறைந்த ஆபத்து உள்ளவர் மற்றவரின் செலவைச் சுமப்பது அநீதி என்கிறார்கள். இதில் பொய்யில்லை. ஆனால் பாதி உண்மையே இருக்கிறது. காப்புறுதி என்ற ஏற்பாடே பலருடைய சிறுபணத்தைச் சேர்த்து ஒருவருடைய பேரிழப்பை ஈடுசெய்வதற்காகத் தோன்றியது. கூட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒவ்வொருவரும் தத்தம் இழப்பைத் தாமே சுமப்பதில் வந்து முடியும். அதற்கு எதற்குக் காப்புறுதி? மேலும், மனிதன் தன் வேகத்தைக் குறைக்கலாம், குடித்துவிட்டு ஓட்டாதிருக்கலாம். வாடகை குறைந்த இடத்தில், சொந்தபந்தம் உள்ள இடத்தில், வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதை அவன் எப்படித் திருத்திக்கொள்வான்?

இனி வன்னிக்கு வருவோம். நாளை இங்கே வலய விலை வந்தால் வன்னி எந்த வலயத்தில் விழும்? மலிவான வலயத்தில் என்று நம்புவோர் சற்று நிதானிக்கவேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி மாவட்டத்தில் ஏறத்தாழ 1,13,000 பேர், முல்லைத்தீவில் 92,000 பேர், வவுனியாவில் 1,72,000 பேர். மூன்றையும் கூட்டினாலும் நான்கு இலட்சம் வராது. கொழும்பு மாவட்டத்தில் மட்டும் 23 இலட்சம். சிறிய கூட்டத்தில் நாலைந்து பெரிய விபத்துகள் நடந்தாலே சராசரி தாறுமாறாக ஏறிவிடும் என்பது காப்புறுதிக் கணக்கின் அரிச்சுவடி. பெரிய விபத்துக்கு வன்னியில் காரணங்களா இல்லை? ஏ9 வீதியில் பறக்கும் சொகுசு பேருந்துகள், மணல் ஏற்றிய டிப்பர்கள், இருட்டில் வீதியில் படுத்துக்கிடக்கும் கட்டாக்காலி மாடுகள், காட்டோரப் பாதைகளில் குறுக்கே வரும் யானைகள், 2013இல் கிளிநொச்சிக்கு மீண்டும் ரயில் வந்த பின்னர் காவலாளியும் கதவும் இல்லாமல் இருந்த கடவைகள். இவை எவற்றையும் வன்னிச் சாரதி உண்டாக்கவில்லை. ஆனால் வலய விலை வந்தால் இவை அனைத்துக்குமான கட்டணச்சீட்டு அவன் பெயருக்கே வரும்.

அயல்நாடான இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் மோட்டார் கட்டணப் பட்டியல் தனியார் கார்களின் சொந்தச் சேதக் காப்புறுதிக்கு நாட்டை இரண்டு வலயங்களாகப் பிரித்தது. சென்னை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் முதலாவதில். ஏனைய இடங்கள் இரண்டாவதில். ஆனால் மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் இந்த வலயப் பிரிவு இல்லை. காரின் இயந்திரக் கொள்ளளவை வைத்து அரசு நிர்ணயிக்கும் ஒரே விலை. சட்டம் கட்டாயமாக்கிய பகுதியைச் சந்தையின் விளையாட்டுக்கு விடவில்லை. இலங்கைக்கும் அந்த எல்லைக்கோடு பொருந்தும்.

முகவரியை வைத்து ஒரு மனிதனை எடைபோடுவது என்றால் என்ன என்பதை வன்னி மக்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. வவுனியாவில் பாஸ் இல்லாமல் நடமாட முடியாதிருந்த காலத்தை அவர்கள் மறக்கவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டே அந்த வெளியேற்றத்தை நிறுத்தியது. காப்புறுதிக் கட்டணத்தை அந்தக் கொடுமைகளோடு நான் சமப்படுத்தவில்லை. ஆனால் 'நீ என்ன செய்தாய்' என்று கேட்காமல் 'நீ எங்கிருந்து வருகிறாய்' என்று கேட்கும் பழக்கம் அலுவலகத்தின் கணினிக்குள் நுழையும்போது, அதை முதலில் அடையாளம் காணவேண்டியவர்கள் நாமே.

அதேநேரம் நம்மவர்களின் கைவேலையையும் மூடிமறைக்க முடியாது. ஸ்காபரோவில் குடியிருந்துகொண்டு தொலைதூரச் சிற்றூரில் உள்ள நண்பரின் முகவரியைக் கொடுப்பவர்கள் உண்டு. மகன் ஓட்டும் காருக்குத் தகப்பனைப் பிரதான சாரதி என்று எழுதுபவர்கள் உண்டு. இதைச் சாமர்த்தியம் என்று திருமண மண்டபங்களில் பெருமை பேசுகிறார்கள். விபத்து நடந்த அன்று இந்தப் பொய் வெளிப்பட்டால் காப்புறுதியே செல்லுபடியற்றதாகக்கூடும். பல்லாண்டுகள் கட்டிய பணம் ஒரே மாலையில் காற்றில் போகும். அதைவிட, ஒவ்வொரு பொய்யும் நிறுவனத்தின் கையில் மற்றவர்களுக்கு விலை ஏற்றுவதற்கான சாட்சியாக மாறுகிறது. அநீதியான கேள்விக்குப் பொய்யான பதில் மருந்தாகாது. கேள்வியை மாற்றவேண்டும்.

மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. கலிபோர்னியா மக்கள் 1988இல் வாக்களித்து நிறைவேற்றிய 103ஆம் பிரேரணை, கட்டுப்பணத்தை முதலில் சாரதியின் பாதுகாப்புப் பதிவும், அடுத்து ஆண்டுக்கு ஓடும் தூரமும், அதற்கடுத்து ஓட்டிய ஆண்டுகளும் தீர்மானிக்கவேண்டும் என்று வரிசைப்படுத்தியது. பிரான்சில் இடமும் பார்க்கப்படுகிறது என்றாலும், நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு குணகம் சட்டத்திலேயே இருக்கிறது. விபத்தில்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் 5 வீதம் குறைவு. தன் தவறால் நடந்த ஒவ்வொரு விபத்துக்கும் 25 வீதம் கூடுதல். நிறுவனம் மாறினாலும் அந்தக் குணகம் சாரதியோடு கூடவே போகிறது. மனிதனின் நடத்தைக்கு விலை என்பது இதுதான்.

ஆகவே வன்னியின் வாகன உரிமையாளர்கள் கேட்கவேண்டியது தனி வலயத்தையன்று. மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு நாடு முழுவதும் ஒரே விலை என்பதை விட்டுக்கொடுக்கக்கூடாது. குறைவாக ஓடும் வாகனத்துக்கு, தூரத்தைக் கணக்கிட்டுக் கழிவு கேட்கவேண்டும். வயலுக்குப் போய்வரும் மோட்டார் சைக்கிளின் நியாயம் அதிலேயே தீர்ந்துவிடும். நட்டஈடு கோராத ஆண்டுகளின் பதிவை எழுத்தில் வாங்கி வைத்திருக்கவேண்டும். காப்புறுதிப் பத்திரத்தைத் தமிழில் கேட்டுப் பெற்று, கையொப்பமிடும் முன்னர் வாசிக்கவேண்டும். அந்த நுணுக்க எழுத்துகளுக்குள் போர், உள்நாட்டுப் போர், கிளர்ச்சி ஆகியவற்றால் வரும் இழப்பு சேராது என்ற வரி உலகெங்கும் வழக்கமாக இருக்கிறது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை உருட்டிச் சென்று அங்கேயே கைவிட்ட வாகனங்களின் சொந்தக்காரர்களுக்கு அந்த ஒரு வரியின் பொருள் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மிகுதி அரசினதும் நிறுவனங்களினதும் கடமை. வன்னியில் வசூலிக்கும் கட்டுப்பணத்தில் ஒரு பகுதியை வன்னி வீதிகளிலேயே செலவிடட்டும். காவலற்ற ரயில் கடவைகளுக்குக் கதவு போடட்டும். பரந்தன் முல்லைத்தீவு வீதியின் இருண்ட பகுதிகளுக்கு விளக்கு வைக்கட்டும். மாடுகளைக் கட்டுவதற்குப் பிரதேச சபைகளுக்கு உதவட்டும். அப்போது ஆபத்து உண்மையாகவே குறையும். அதைச் செய்யாமல் வரைபடத்தை விரித்துவைத்து விலை எழுத முற்படுவோரை, அவர்கள் நமக்குக் குறைந்த விலையே எழுதித் தந்தாலும், நாம் மறுக்கவேண்டும்.