வானத்திலும் ஒரு கார்த்தாஸ்

திருமுருகன்பூண்டியில் சிற்பக்கூடங்களின் உளிச்சத்தமும் பின்னலாடை நிறுவனங்களின் தையல் இயந்திர ஓசையும் ஒன்றுக்கொன்று பழகிப்போனவை. அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சிறு அலுவலகத்தில் அமர்ந்து சென்ற மாதம் ஓர் இரவு தேநீர் அருந்திக் கொண்டிருந்தோம். அலுவலகத்தின் உரிமையாளர் காயல்பட்டினத்துக்காரர். இங்கு வந்து பனியன் தொழிலில் ஊன்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஊரார் அழைப்பது போலவே நாமும் அவரைக் காக்கா என்றுதான் அழைப்போம்.

காக்காவின் கண் தேநீரில் இல்லை, கைப்பேசியில் இருந்தது. ஐரோப்பாவுக்குச் செல்லும் சரக்குடன் அன்று மாலை கிளம்பிய கன்டெய்னர் லாரி, ஒரு சிறு நீலப்புள்ளியாகத் திரையில் ஊர்ந்து கொண்டிருந்தது. தாராபுரம் தாண்டி, ஒட்டன்சத்திரம் நெருங்கிவிட்டது. விடிவதற்குள் தூத்துக்குடித் துறைமுகம் சேர வேண்டும். கப்பல் தவறினால் சரக்கை விமானத்தில் ஏற்ற வேண்டியதுதான். இலாபம் மொத்தமும் அதில் கரைந்துவிடும்.

திடீரென்று அவர் கேட்டார்: “இந்தக் கருவி விற்றவனுக்கு மாதக் கட்டணம் கொடுக்கிறேன். இணையத்துக்குப் பணம் கொடுக்கிறேன். ஆனால் லாரி இன்ன இடத்தில் இருக்கிறது என்று வானத்திலிருந்து சொல்கிறானே, அவனுக்கு நான் ஒரு காசும் கொடுக்கவில்லையே! யார் அந்தத் தர்மவான்?”

தர்மவான் அமெரிக்க இராணுவம்தான் என்றேன். காக்கா சிரிக்கவில்லை.

ஜி.பி.எஸ். என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அமைப்பின் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றை நடத்துவது அமெரிக்காவின் விண்வெளிப்படை. ஒவ்வொன்றும் ஓயாமல் ஒரே செய்தியைத்தான் சொல்கிறது: “நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு.” நான்கு செயற்கைக்கோள்களின் மணியை ஒப்பிட்டு, தான் இருக்கும் இடத்தை லாரியிலுள்ள கருவியே கணக்கிட்டுக் கொள்கிறது. ஆக, இடம் காட்டும் வித்தை உண்மையில் நேரம் காட்டும் வித்தையே! ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால், தரையில் ஓரடி பிசகும்.

அந்த மணியைத் திறந்துவிட்டவர்களின் கையில்தான் அதைக் கலைக்கும் திறவுகோலும் இருந்தது. 2000 மே மாதம்வரை பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. நூறு மீட்டர் அளவுக்கு இடம் தவறும். துல்லியம் இராணுவத்துக்கு மட்டும் என்பது ஏற்பாடு. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் என்ன நடந்தது தெரியுமா? பாலைவனத்தில் இறக்கப்பட்ட அமெரிக்கப் படையினருக்கு இராணுவக் கருவிகள் போதவில்லை. கடையில் விற்கும் சாதாரணக் கருவிகளை வாங்கிக் கொடுத்தார்கள். தங்கள் வீரர்களே வழி தவறிவிடக் கூடாதே! அதனால் போர் முடியும்வரை அந்தப் பிழையை எடுத்துவிட்டார்கள். முதல் விண்வெளிப் போர் என்று அமெரிக்கப் படைத்தலைவர்களே வர்ணித்த அந்தப் போரில், ஈராக்கின் மணலில் அடையாளமற்ற இடங்களையெல்லாம் வானத்து மணிகள் அடையாளம் காட்டின. குண்டுகளுக்கு வழிகாட்டிய அதே மணிதான் இன்று காக்காவின் பனியன் பெட்டிக்கும் வழிகாட்டுகிறது.

காயல்பட்டினத்துக்காரரிடம் இதை விளக்க அதிக நேரம் ஆகவில்லை. கடலில் முன்பே நடந்த கதைதான் இது. அரபு நாட்டுக் குதிரைகளும் பாண்டிநாட்டு முத்துக்களும் கைமாறிய காயல் துறையைப் பற்றி மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் இந்துமாக்கடலில் கப்பல் விடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் பீரங்கி ஏற்றிய கப்பல்களோடு போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். கார்த்தாஸ் என்றொரு சீட்டைக் கொண்டு வந்தார்கள். அந்தச் சீட்டு இல்லாத கப்பல் பறிமுதல் செய்யப்படும். இன்ன சரக்கை ஏற்றக் கூடாது, இன்ன துறையில் சுங்கம் கட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கடலோடிய மரக்காயர்கள், தங்கள் கடலில் செல்ல அந்நியனிடம் சீட்டு வாங்கும் நிலை வந்தது. அதை எதிர்த்துக் கடலில் போரிட்ட குஞ்ஞாலி மரக்காயர்களில் நான்காமவர் 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார்.

வானத்திலும் நமக்கு ஒரு கார்த்தாஸ் நீட்டப்பட்டது. ஆண்டு 1992.

கனமான தகவல்தொடர்புச் செயற்கைக்கோளை 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்ப கிரையோஜெனிக் எஞ்சின் தேவை. பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி செல்சியஸ் குளிரில் ஹைட்ரஜனையும், 183 டிகிரி குளிரில் ஆக்சிஜனையும் திரவமாக வைத்து எரிக்கும் எஞ்சின் அது. அந்த எஞ்சினையும் அதைச் செய்யும் நுட்பத்தையும் தருவதற்கு சோவியத் நிறுவனமான கிளவ்காஸ்மாஸ் 1991 ஜனவரியில் இஸ்ரோவுடன் ஒப்பந்தம் செய்தது. அவ்வாண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியமே இல்லாமற் போயிற்று. 1992 மே மாதத்தில், இது ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுக்கு முரணானது என்று கூறி அமெரிக்கா இரு நிறுவனங்கள் மீதும் தடை விதித்தது. பணமுடையில் இருந்த ரஷ்யா 1993இல் பின்வாங்கியது. எஞ்சின்கள் சிலவற்றைத் தருகிறோம், செய்யும் வித்தையைத் தரமாட்டோம் என்றது.

திரவ ஹைட்ரஜனை நிரப்பிப் போருக்குத் தயாராக ஏவுகணையை நிறுத்தி வைத்திருக்கும் நாடு உலகில் ஒன்றுகூட இல்லை. நிரப்பவே மணிக்கணக்காகும், நிரப்பிய பின் ஆவியாகிக் கொண்டே இருக்கும். ஆகவே அமெரிக்கா சொன்ன காரணம் வலுவற்றது. ஆயினும் அவர்களுடைய சந்தேகம் முழுவதும் வெறும் கற்பனை என்று சொல்லிவிடவும் நம்மால் முடியாது. இராமேஸ்வரத்து மைந்தர் அப்துல் கலாம் அவர்களின் தலைமையில் 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுமந்து சென்ற எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் அடுக்கைத் தழுவித்தான், 1989இல் பறந்த அக்னி ஏவுகணையின் முதல் அடுக்கு உருவானது. கலாம் அவர்களே 1982இல் விண்வெளித் துறையிலிருந்து பாதுகாப்புத் துறைக்குச் சென்றவர். ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் இடையிலுள்ள சுவர் எல்லா நாடுகளிலும் மெல்லியது. நம் நாட்டிலும் அப்படித்தான்.

மறுக்கப்பட்ட வித்தையைத் திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் நம்மவர்கள் தாமே கற்றார்கள். எளிதாக வந்துவிடவில்லை. சொந்த எஞ்சினோடு 2010 ஏப்ரலில் கிளம்பிய ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5 அன்றுதான் வெற்றி கிட்டியது. ஒப்பந்தம் செய்த நாளிலிருந்து 23 ஆண்டுகள்!

இதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டபோதுதான் காக்கா கைப்பேசியைக் கீழே வைத்தார். இணைய வசதிக்கான ஒன்வெப் நிறுவனம், இந்தியாவின் பார்தி குழுமமும் பிரிட்டிஷ் அரசும் சேர்ந்து 2020இல் திவாலிலிருந்து மீட்டெடுத்தது. அதன் 36 செயற்கைக்கோள்கள் 2022 மார்ச்சில் கஜகஸ்தானின் பைக்கானூர் ஏவுதளத்தில் ரஷ்ய ராக்கெட்டின் உச்சியில் காத்திருந்தன. உக்ரைன் போர் அதற்குச் சற்று முன்புதான் மூண்டிருந்தது. இவை இராணுவத்துக்குப் பயன்படாது என்று உறுதி கொடுங்கள், பிரிட்டிஷ் அரசு தன் பங்கைக் கைவிடட்டும் என்று ரஷ்யா நிபந்தனை விதித்தது. பிரிட்டன் மறுத்தது. ஏவுதல் கைவிடப்பட்டது; உள்ளே இருந்த செயற்கைக்கோள்கள் திருப்பித் தரப்படவில்லை. எஞ்சியவற்றில் ஒரு பகுதியை ஏற்றிச் செல்ல ஒன்வெப் யாரிடம் வந்தது? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022 அக்டோபர் 23 அன்று 36, 2023 மார்ச் 26 அன்று 36 என்று இரு தடவைகளில் அனுப்பிக் கொடுத்தது இந்தியா. அந்த ராக்கெட்டின் மேலடுக்கில் எரிந்தது, மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்ட நம் கிரையோஜெனிக் எஞ்சின்!

இந்த மகிழ்ச்சியில் ஒரு செய்தியை மறைத்துவிட மனமில்லை. நமது சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக், 2016இல் ஏழு செயற்கைக்கோள்களோடு நிறைவு பெற்றது. அதன் உயிர்நாடியான அணுக்கடிகாரங்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வாங்கப்பட்டவை. முதல் செயற்கைக்கோளின் மூன்று கடிகாரங்களும் நின்றுபோயின. மற்றவற்றிலும் சில பழுதாயின. நாமே செய்த கடிகாரம் 2023 மே மாதத்தில்தான் மேலே சென்றது. 2025 ஜனவரியில் அனுப்பியதோ உரிய பாதைக்கு ஏற முடியாமல் வழியிலேயே தங்கிவிட்டது. வானத்தில் சுயராஜ்யம் என்பது முழக்கத்தால் வருவதன்று.

சட்டம் என்ன சொல்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கைப்படி, விண்வெளியை எந்த நாடும் தனதென்று உரிமை கொண்டாட முடியாது. அணு ஆயுதத்தை அங்கே நிலைநிறுத்தக் கூடாது. பேரழிவு ஆயுதம் அல்லாத பிற ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் வைப்பதை அது தடுக்கவில்லை. 1976இல் இந்தோனேசியா உள்ளிட்ட எட்டு நாடுகள் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் கூடி, பூமத்திய ரேகைக்கு நேர் மேலேயுள்ள செயற்கைக்கோள் பாதை எங்களுடையது என்று அறிவித்தன. வல்லரசுகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. உடன்படிக்கை விட்ட இடைவெளியில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகியவை செயற்கைக்கோளை அடித்து நொறுக்கும் ஆயுதத்தைச் சோதித்தன. 2019 மார்ச் 27 அன்று இந்தியாவும் நான்காவதாகச் சேர்ந்தது. ஏவுகணை புறப்பட்ட இடம் ஒடிசா கடலோரத்து அப்துல் கலாம் தீவு. சீனா 2007இல் உடைத்தது உயரத்தில். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் பறந்தன. நாம் உடைத்தது சுமார் 300 கிலோமீட்டரில். ஆதலால் துண்டுகள் பெரும்பாலும் விரைவில் எரிந்து விழுந்தன. எல்லாம் அல்ல. இத்தகைய சோதனை இனி வேண்டாம் என்று 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 155 நாடுகள் வாக்களித்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. நம் கருத்தில், ஆதரித்திருக்க வேண்டும். காந்தியடிகளின் நாட்டுக்கு அந்த ஒரு வாக்கு பாரமாகியிருக்காது.

“இதெல்லாம் டெல்லி விவகாரம். எங்கள் ஊர்ப் பக்கம் ராக்கெட் வருகிறதே, அதைச் சொல்லுங்கள்” என்றார் காக்கா. திருச்செந்தூருக்கு வடக்கே காயல், தெற்கே குலசேகரப்பட்டினம். தசராத் திருவிழாவால் பெயர்பெற்ற அவ்வூரில் 2024 பிப்ரவரி 28 அன்று நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 986 கோடி ரூபாய். நிலம் 2,000 ஏக்கருக்கும் மேல். (அதே நாளில் வெளியான ஒரு விளம்பரத்தில் ராக்கெட்டின் உச்சியில் சீனக் கொடி இடம்பெற்றுவிட, நாடே சில நாள் அதைப் பற்றியே பேசியது. நிலம் கொடுத்தவர்களைப் பற்றி அவ்வளவு பேசவில்லை.)

குலசையைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கி ஏவினால் இலங்கை குறுக்கே நிற்கிறது. ராக்கெட் தென்கிழக்கே சென்று, வளைந்து திரும்ப வேண்டும். எரிபொருள் வீணாகும். 500 கிலோ சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அந்தச் சுற்று கட்டுப்படியாகாது. குலசைக்குத் தெற்கே திறந்த கடல்தான். அந்தச் சிறிய ராக்கெட்டைச் செய்து விற்கும் உரிமையை 2025இல் 511 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது, போர் விமானங்கள் செய்யும் அரசு நிறுவனமான ஹெச்.ஏ.எல். வியாபாரமும் படையும் ஒரே பட்டறையில்!

காக்காவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவருடைய தங்கை மகன் பொறியியல் படிக்கிறான். குலசையில் வேலை கிடைத்தால் துபாய்க்குப் போக வேண்டாம் என்று வீட்டில் பேச்சு. ஆனால் மணப்பாட்டில் அவருக்கு ஒரு பழைய நண்பர், மீனவர். ராக்கெட் கிளம்பும் நாட்களில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போகாதே என்று நிறுத்தி வைப்பதை அவர் அறிவார். குலசையிலிருந்து ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஏவுதல்கள் நடக்கலாம் என்று சொல்லப்படுகிறது. காற்றோ மழையோ குறுக்கிட்டு ஓர் ஏவுதல் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனால் அத்தனை நாளும் படகு கரையில்தான். மீன்பிடித் தடைக்காலம் போக, புயல் எச்சரிக்கை நாட்கள் போக, மிச்சம் எத்தனை நாள் என்று அவர் கேட்கிறாராம். அந்நாட்களுக்குக் கூலி உண்டா, எவ்வளவு, யார் கையால் வரும் என்றும் கேட்கிறாராம். “முன்பு போர்ச்சுக்கீசியன் சீட்டுக் கேட்டான். இப்போது நம் அரசாங்கமே கேட்கிறது. நம் அரசாங்கம் என்பதால் பதிலாவது சொல்லும் அல்லவா?” என்றார் காக்கா.

நீலப்புள்ளி அப்போது மதுரையைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்பியிருந்தது.